நண்டுக்குத் தரங்கம்பாடியின் பெயரைச் சூட்டிய பேரறிஞர் பப்ரீசியஸ்

பத்தாம் வகுப்பு மாணவி

மன்னர்களின் வரலாறு உண்டு. மகான்களின் வரலாறு உண்டு. கவிஞர்களின் வரலாறும் உண்டு. பூச்சிக்கும் நண்டுக்கும் பெயர் வைத்தே தம் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புகும் நம்மைப் பார்த்துத் தோழியர் சிலர் நகைக்கக் கூடும். பெயர் வைப்பதும் ஒரு பெரிய காரியமா என்று கேட்கவும் கூடும். பெரிய காரியந்தான் என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

நம் தேன்கனிக்கோட்டை மூன்று மொழிகள் கலந்து பழகும் ஊர். வயல் வரப்பில் வளை தோண்டும் அந்தப் பிராணியைத் தமிழ் பேசும் தோழி நண்டு என்கிறாள். கன்னடம் பேசுபவள் ஏடி என்கிறாள். தெலுங்கு வீட்டுப் பெண் எண்டிரகாய என்கிறாள். ஒரே பிராணிக்கு மூன்று பெயர்கள்! இது ஒரு வகைக் குழப்பம். இதற்கு நேர்மாறான குழப்பம் ஒன்றும் உண்டு. உருவத்தில் ஒத்த மூன்று நான்கு வெவ்வேறு உயிரினங்களை ஒரே பெயரால் அழைத்துவிடுவது அது. முதல் குழப்பத்தால் பேச்சு மட்டுமே தடுமாறும். இரண்டாவது குழப்பத்தால் ஓர் உயிரினம் அழிந்து போனாலும் அது அழிந்ததே நமக்குத் தெரியாமல் போகும். இவ்விரண்டு குழப்பங்களையும் நீக்கப் பாடுபட்டவர்தான் ஜோஹான் கிறிஸ்தியான் பப்ரீசியஸ்.

இரண்டு பப்ரீசியஸ்கள்

பப்ரீசியஸ் என்றவுடன் தமிழறிந்த பெரியோர்க்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். அவர் ஜோஹான் பிலிப் பப்ரீசியஸ். 1711-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்து, 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து, வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டு, 1791-இல் சென்னையிலேயே மறைந்த குருவானவர். நாம் கூறப் போகும் பப்ரீசியஸ் இந்திய மண்ணில் காலடி வைத்ததே இல்லை. ஆயினும் அவர் பெயரும் தரங்கம்பாடியோடு பிணைந்து கிடக்கிறது. ஒரே குடும்பப் பெயர், ஒரே நூற்றாண்டு, ஒரே ஊரின் தொடர்பு. இவர்களை ஒருவரென்று எண்ணிவிட்டால் இருவருக்குமே அநீதி செய்தவர்களாவோம். நண்டுகளின் விஷயமும் இப்படிப்பட்டதே.

பிறப்பும் இளமையும்

ஜோஹான் கிறிஸ்தியான் பப்ரீசியஸ் 1745-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் டோண்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். டோண்டர் அன்று டென்மார்க் மன்னரின் ஆளுகைக்கு உட்பட்ட ஷ்லெஸ்விக் நாட்டில் இருந்தது. டேனிஷ் மொழியும் ஜெர்மன் மொழியும் அங்கே அக்கம்பக்கமாக வழங்கின. 1864-இல் நடந்த போருக்குப் பின் அவ்வூர் ஜெர்மானியர் வசம் சென்றது; 1920-இல் மக்கள் வாக்கெடுப்பின்படி மீண்டும் டென்மார்க்குடன் சேர்ந்தது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. எல்லையில் பிறந்த குழந்தை ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் உண்டு என்பதைத் தொட்டிலிலேயே கற்றுக்கொள்கிறது.

லின்னேயஸின் காலடியில்

பப்ரீசியஸின் வாழ்வைத் திசை திருப்பிய ஆண்டு 1762. பதினேழு வயது இளைஞராக, சோயேகா என்னும் நண்பருடன் ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகருக்குச் சென்றார். அங்கேதான் மாமேதை லின்னேயஸ் பேராசிரியராக வீற்றிருந்தார். ஒவ்வோர் உயிரினத்துக்கும் லத்தீன் வடிவில் இரண்டு சொற்கள் கொண்ட பெயர் சூட்டும் முறையை உலகுக்கு அளித்தவர் அவரே. தாவரங்களுக்கு 1753-இலும் விலங்குகளுக்கு 1758-இலும் வெளிவந்த அவருடைய நூல்களே இன்றைய பெயரிடும் முறைக்கு அடித்தளம். முதற்சொல் இனத்தின் குடும்பப் பெயர் போன்றது; இரண்டாவது சொல் அந்த உயிரினத்துக்கு மட்டுமே உரிய சொந்தப் பெயர் போன்றது. நாட்டுக்கு நாடு மொழி மாறினாலும் இந்தப் பெயர் மாறாது.

பப்ரீசியஸ் இரண்டு ஆண்டுகள் அவரிடம் பயின்றார். கோடைக் காலத்தில் லின்னேயஸ் ஹம்மர்பி என்னும் தம் பண்ணைக்குச் சென்றுவிடுவார். மாணவர்களும் விடவில்லை, அருகில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கிப் பாடம் கேட்டனர். பேராசிரியர் நாள்தோறும் அவர்களைத் தேடி வந்து, மணிக்கணக்கில் உரையாடி, அவர்கள் கேட்ட ஐயங்களைத் தீர்த்து வைப்பாராம். குருவும் சீடரும் இவ்வாறு பழகிய அந்த நாட்களைப் பப்ரீசியஸ் தம் வாழ்நாள் முழுதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். தம் ஆசானின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நினைவுகள், லின்னேயஸை நேரில் அறிந்த ஒருவரின் சாட்சியாக இன்றும் மதிக்கப்படுகின்றன.

வாயைப் பார்த்து வகுத்தவர்

ஊர் திரும்பிய பப்ரீசியஸ் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து, பிரான்சு, நார்வே முதலிய நாடுகளுக்கெல்லாம் பயணம் செய்தார். கேப்டன் குக்கின் முதற் கடற்பயணத்தில் உடன் சென்று 1771-இல் திரும்பிய ஜோசப் பாங்க்ஸ், தாம் கொண்டுவந்த பூச்சிகளை இலண்டனில் வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து உலகுக்கு விவரித்தவர் பப்ரீசியஸே. 1775-இல் கீல் பல்கலைக் கழகத்தில் இயற்கை வரலாற்றுக்கும் பொருளாதாரத்துக்கும் பேராசிரியராக அமர்ந்தார். அதே ஆண்டில் அவருடைய முதற் பெருநூல் வெளிவந்தது.

லின்னேயஸ் பூச்சிகளை அவற்றின் சிறகுகளைக் கொண்டு பிரித்தார். பப்ரீசியஸோ வாயுறுப்புக்களைக் கொண்டு பிரித்தார். ஓர் உயிர் எதைத் தின்கிறது, எப்படித் தின்கிறது என்பது அதன் வாயில் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் கருதினார். சிறகு யாருக்கும் தெரியும். வாயுறுப்பையோ பூதக்கண்ணாடியின் துணைகொண்டு, பொறுமையோடு குனிந்து நோக்க வேண்டும். குருவிடம் அளவற்ற பக்தி கொண்டிருந்தும், குரு கண்டதோடு நின்றுவிடாமல் மேலும் உற்று நோக்கினார் என்பது அவருடைய பெருமை. ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்கு அவர் பெயரும் விளக்கமும் எழுதினார் என்றால் அந்த உழைப்பை என்னென்பது!

பூச்சிகளின் அறிஞருக்கு நண்டோடு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் நண்டு, இறால், தேள், சிலந்தி யாவும் பூச்சிகள் என்ற பெருவகுப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே நண்டுகளும் அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தன.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற நண்டுகள்

தரங்கம்பாடி நமக்கு அந்நியமான ஊரன்று. நம் வட்டத்தின் காட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு வரும் காவிரி, ஒகேனக்கல்லில் அருவியாய் விழுந்து, மேட்டூர், திருச்சி, தஞ்சை என்று நடந்து பூம்புகாரில் கடலோடு கலக்கிறாள். அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் இருப்பதே தரங்கம்பாடி. 1620-இல் டேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை அது அவர்கள் கையில் இருந்தது.

அங்கே பணியாற்றிய டால்டார்ப் என்னும் டேனிஷ் படை அதிகாரி, ஓய்வு நேரத்தில் பூச்சிகளையும் நண்டுகளையும் மீன்களையும் சேகரித்தார். 1791-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மீன் ஒன்று பனைமரத்தின் மீது தரையிலிருந்து சில அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி, ஐரோப்பிய அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியவர் இவரே. பனையேறி என்று நம் மக்கள் அழைக்கும் மீன் அது. டால்டார்ப் சேகரித்த நண்டுகள் கடல் கடந்து பப்ரீசியஸின் பார்வைக்குச் சென்றன.

1798-இல் பப்ரீசியஸ் வெளியிட்ட நூலில் ஒரு களிநண்டு இடம் பெற்றது. அதற்கு அவர் சூட்டிய சொந்தப் பெயர் ட்ராங்கிபாரிக்கா. தரங்கம்பாடி ஐரோப்பியர் நாவில் ட்ராங்கிபார் ஆயிற்று. தரங்கம்பாடியைச் சார்ந்தது என்பதே அந்தச் சொல்லின் பொருள். கழிமுகத்துச் சேற்றில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு நண்டு, நம் கடற்கரை ஊரின் பெயரை உலக விஞ்ஞான ஏட்டில் ஏற்றிவிட்டது! அதே நூலில் அவர் பெயரிட்ட மற்றொரு சிறு நண்டு லிட்டராட்டா. எழுத்துடையது என்று அதற்குப் பொருள். பின்னர் 1830-இல் ஒரு பிரெஞ்சு அறிஞர் அதன் இனத்துக்கு நம் நாட்டு வருணனின் பெயரைச் சூட்டினார். வருணா லிட்டராட்டா என்பதே இன்று அதன் முழுப்பெயர்.

சிலுவை நண்டு

இங்கே நம் பள்ளிக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் கூற வேண்டும். முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், 1546-இல் மொலுக்கா தீவுகளுக்குச் சென்றார். அங்கே கடல் கொந்தளித்தபோது தம் பாடுபட்ட சுரூபத்தை நீரில் தோய்க்க, அது கை நழுவி விழுந்ததாம். கரை சேர்ந்ததும் ஒரு நண்டு அதைத் தன் கொடுக்குகளில் ஏந்திவந்து அவரிடம் கொடுத்ததாம். இது பக்தர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. முதுகு ஓட்டில் சிலுவை போன்ற குறியுடைய நண்டு ஒன்று நம் கடலிலும் உண்டு. மீனவர் அதைச் சிலுவை நண்டு என்றே அழைக்கின்றனர்.

லின்னேயஸ் 1758-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். பப்ரீசியஸ் இதையே வேறொன்று எனக் கருதி, சிலுவை சுமப்பது என்ற பொருளில் குருசிபெர் என்று பெயரிட்டார். பெர்லின் நகரில் குருவானவராக இருந்த ஹெர்ப்ஸ்ட் என்பவரும் சிலுவையை வைத்தே ஒரு பெயர் சூட்டினார். ஒரே நண்டுக்கு மூன்று பெயர்கள்! இப்படி நேரும்போது முதலில் அச்சானதே நிலைக்கும் என்பது விஞ்ஞானிகளின் சட்டம். ஆகவே சீடரின் பெயர் விலகிக் குருவின் பெயர் நிலைத்தது. பப்ரீசியஸ் வைத்த பெயர்களெல்லாம் நிலைக்கவில்லை என்பதற்காகவே இதைக் கூறினோம். அவருடைய உண்மையான பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

இறுதி நாட்கள்

1807-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆங்கிலேயக் கப்பற்படை டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கியது. அப்போது பப்ரீசியஸ் பாரிசில் இருந்தார். செய்தி கேட்டு மனமுடைந்து கீல் நகருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1808 மார்ச் 3-ஆம் நாள், தமது அறுபத்து மூன்றாம் வயதில் கண் மூடினார். அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி இன்று கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மனிதர் மறைந்தார், அவர் கையால் தொட்டுப் பார்த்த மாதிரிகள் மறையவில்லை. அவர் கதையின் இரண்டாம் பாகம் அந்த மாதிரிகளிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே பெயரில் அடங்கிய நால்வர்

பப்ரீசியஸுக்கு முன்பே, லின்னேயஸின் மற்றொரு மாணவரான போர்ஸ்கால், அரேபியப் பயணத்தில் செங்கடற்கரையில் ஒரு களிநண்டைக் கண்டார். 1763-இல் ஏமன் நாட்டில் நோயுற்று முப்பத்தொரு வயதிலேயே மாண்டார். அவருடைய குறிப்புகளை, அப்பயணத்திலிருந்து உயிரோடு திரும்பிய ஒரே மனிதரான நீபூர் 1775-இல் அச்சிட்டார். அந்த நண்டின் பெயர் செராட்டா. ரம்பப் பல் உடையது என்று பொருள். 1796-இல் ஹெர்ப்ஸ்ட் இன்னொரு களிநண்டுக்கு ஒலிவேசியா என்று பெயரிட்டார். ஒலிவக்காயின் நிறமுடையது என்பது கருத்து. 1798-இல் வந்தது பப்ரீசியஸின் ட்ராங்கிபாரிக்கா. 1833-இல் டி ஹான் என்னும் டச்சு அறிஞர் களிநண்டுகளுக்கென்று சில்லா என்ற தனிப் பேரினத்தை அமைத்தார்.

பின் வந்த அறிஞர் பலர் இந்த வேற்றுமைகளைப் பொருட்படுத்தவில்லை. நண்டு வளரும்போது நிறம் மாறுகிறது. சேற்றுக்கு ஏற்பவும் மாறுகிறது. எனவே எல்லாம் ஒன்றே என்று தீர்ப்புக் கூறிவிட்டனர். 1949-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு அறிஞர் எஸ்டாம்படோர், அங்குள்ள மீனவர் களிநண்டுகளைப் பல வகையாகப் பிரித்து அறிவதைக் கவனித்து, அவற்றை மீண்டும் தனித்தனியே பிரித்தார். 1960-இல் ஆஸ்திரேலியாவில் இருவர் அவற்றை மறுபடியும் ஒன்றாக்கினர். இவ்வாறு பப்ரீசியஸின் தரங்கம்பாடி நண்டு, செராட்டா என்ற ஒரே பெயருக்குள் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

நெற்றியும் மணிக்கட்டும்

1998-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான கீனன், டேவி, மான் ஆகிய மூவர் இவ்வழக்கை முடித்து வைத்தனர். பழைய அருங்காட்சியக மாதிரிகளையும் பல நாடுகளிலிருந்து வந்த புதிய நண்டுகளையும் ஒப்பிட்டு, களிநண்டில் நான்கு இனங்கள் உண்டு என்று நிறுவினர். செராட்டா, ஒலிவேசியா, ட்ராங்கிபாரிக்கா, எஸ்டாம்படோர் பெயரிட்ட பாராமாமோசைன் என்பன அவை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் பப்ரீசியஸின் பெயர் உயிர் பெற்று எழுந்தது!

இவற்றைக் கண்ணால் பிரிப்பது எப்படி? மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும் என்கின்றனர். முதலாவது நெற்றி; இரு கண்களுக்கு நடுவே ஓட்டின் விளிம்பிலுள்ள முட்கள். இரண்டாவது மணிக்கட்டு, கொடுக்கின் உள்ளங்கைக்கு முந்திய கணுவின் வெளிப்புறம். மூன்றாவது கால்களில் காணும் வலைக்கண் போன்ற கோலம்.

செராட்டாவின் நெற்றி முட்கள் உயர்ந்தவை. மணிக்கட்டில் இரண்டு முட்கள் தெளிவாய் நிற்கும். கால்கள் அனைத்திலும் கோலம் இருக்கும். ட்ராங்கிபாரிக்காவின் நெற்றி முட்கள் நடுத்தர உயரமும் மழுங்கிய முனையும் உடையவை. மணிக்கட்டில் இரண்டு முட்கள் உண்டு. கோலம் கடைசி இரண்டு கால்களில் மட்டும் நன்கு தெரியும். ஒலிவேசியாவின் நெற்றி முட்கள் தாழ்ந்து உருண்டவை, மணிக்கட்டு முட்கள் மழுங்கிப் போயிருக்கும், கோலம் இராது. பாராமாமோசைனின் நெற்றி முட்கள் உயர்ந்து முக்கோணமாய் நிற்கும். வளர்ந்த நண்டின் மணிக்கட்டு முட்கள் குறைந்துபோகும். கோலம் கடைசிக் கால்களில் காணப்படும்.

மரபணு சொல்லும் சாட்சி

தோற்றத்தை மட்டும் நம்பலாமா? நம்ப இயலாத இடங்களும் உண்டு. களிநண்டுத் தாய் முட்டை பொரிக்கக் கடலுக்குச் செல்கிறது. குஞ்சு ஐந்து சோயியா நிலைகளையும் ஒரு மெகலோபா நிலையையும் கடந்த பின்பே நண்டு உருவம் பெறுகிறது. கடுகினும் சிறிய அந்தப் பருவத்தில் நெற்றி ஏது, மணிக்கட்டு ஏது? முள் முறிந்த நண்டும் உண்டு. ஓடு நீக்கி டப்பியில் அடைத்த நண்டும் உண்டு.

இங்கேதான் மரபணு துணைக்கு வருகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. அதன் முறுக்கேணி வடிவத்தை 1953-இல் வாட்சன், கிரிக் இருவரும் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெண் விஞ்ஞானியின் ஆய்வுக் கூடத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம் அதற்குப் பேருதவியாயிற்று. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட புத்தகம் போன்றது அந்த இழை. நண்டின் கால் தசையில் சிறு துண்டை வெட்டி, எரிசாராயத்தில் இட்டுக் காத்து, அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படிக்கின்றனர். ஒரே இனத்தின் இரு நண்டுகளில் எழுத்துக்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறினம் என்றால் பல இடங்களில் எழுத்து மாறியிருக்கும். 2003-இல் கனடா நாட்டு விஞ்ஞானி ஹெபெர்ட், ஏறத்தாழ 650 எழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதியை எல்லா விலங்குகளுக்கும் பொதுவான அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தார்.

ஆனால் இந்தப் பகுதி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. தந்தை வழியை அது சொல்லாது. எனவே தோற்றம், மரபணு ஆகிய இரண்டு சாட்சிகளையும் விசாரித்த பின்பே தீர்ப்புக் கூறுவது முறை. கீனன் முதலியோர் செய்ததும் அதுவே.

நம் கரையில் நடந்த வியப்பு

இனி வருவதுதான் இக்கதையின் திருப்பம். நம் நாட்டில் களிநண்டு இரண்டு வகை என்பது மீனவர் அறிந்ததே. பெரியதும் பச்சை நிறமானதும் ஒன்று, சிறியதும் பழுப்பு நிறமானதும் மற்றொன்று. பெரியதை ட்ராங்கிபாரிக்கா என்றும் சிறியதைச் செராட்டா என்றும் நூல்கள் பல ஆண்டுகள் எழுதி வந்தன. சீர்காழியிலுள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் விஞ்ஞானிகள், நம் நாட்டுக் கடற்கரையின் பல இடங்களிலிருந்து நண்டுகளைத் திரட்டி மரபணுவைச் சோதித்தனர். 2014-இல் வெளிவந்த முடிவு என்ன? பெரியதே உண்மையான செராட்டா. சிறியது ஹெர்ப்ஸ்டின் ஒலிவேசியா. அவர்கள் சோதித்தவற்றுள் தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய ட்ராங்கிபாரிக்கா ஒன்றுகூட இல்லை!

சீர்காழிக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. இரண்டும் மயிலாடுதுறை மாவட்டத்து ஊர்கள். எந்தக் கரையின் பெயரை அந்த நண்டு உலகெங்கும் சுமக்கிறதோ, அந்தக் கரைக்கு அருகிலேயே இந்த உண்மை வெளிப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகளில் மீனவர் பிடித்து விற்கும் ஒரு நண்டு நம் ஊரின் பெயரோடு திரிகிறது.

இதனால் யாருக்கு என்ன இலாபம் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. செராட்டா ஒன்றிரண்டு கிலோவுக்கு மேலும் வளரும். ஒலிவேசியா அவ்வளவு வளராது. இரண்டின் குஞ்சுகளையும் அறியாமல் ஒரே குளத்தில் விட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். கடன் வாங்கிக் குளம் வெட்டியவரின் முதலும் போய்விடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். குளத்தில் விடும் குஞ்சையும் இனம் அறிந்தே விட வேண்டும். அந்த மையமே சீர்காழிக்கு அருகே தொடுவாயில் நண்டுக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை அமைத்தது. தாய் நண்டு எந்த இனம் என்று தெரியாமல் பொரிப்பகம் நடத்த முடியுமா?

இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணி மொத்த எடையை மட்டும் கணக்கிட்டு வந்தால், அவற்றுள் ஒன்று ஆண்டுதோறும் அருகி வந்தாலும் கணக்கில் தெரியாது. நீலக்கால் நண்டிலும் இதுவே நிகழ்ந்தது. லின்னேயஸ் வைத்த ஒரே பெயரில் வழங்கிய அது நான்கு இனங்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. வங்கக் கடலில் நம் மீனவர் பிடிப்பது அவற்றுள் ரெட்டிகுலாட்டஸ் என்னும் தனியினம்.

நாம் கற்பது

பப்ரீசியஸ் வைத்த பெயர்களுள் சில நிலைத்தன; சில விலகின. தரங்கம்பாடியின் பெயரோ நிலைத்தும் தரங்கம்பாடியில் காணாத விந்தையாயிற்று. அப்படியானால் அவரை ஏன் போற்ற வேண்டும்? தாம் கண்டதை எழுதி, எங்கிருந்து வந்தது என்று குறித்து, மாதிரியைப் பத்திரப்படுத்தி, பின்னால் வருபவர் சரிபார்ப்பதற்கு இடம் வைத்துச் சென்றார். அதனால்தான் 1998-இல் அவருடைய நண்டை மீண்டும் எடுத்துப் பார்க்க முடிந்தது. எழுதிய விடையோடு அதை அடைந்த வழியையும் காட்டு என்று கணக்கு ஆசிரியை நம்மிடம் கூறுவதும் இதற்காகவே அன்றோ!

இறைவன் படைத்த உயிர்களுக்கெல்லாம் பெயரிடும் பொறுப்பை ஆதிமனிதனிடம் ஒப்படைத்தார் என்று வேதாகமத்தின் முதல் நூலில் வாசிக்கிறோம். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்றும் ஞான உபதேச வகுப்பில் கற்கிறோம். ஒன்றன் பெயரை அறிவது அதனிடம் அன்பு கொள்வதன் முதற்படி. காண்பதற்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு உயிர்களை, இது வேறு, அது வேறு என்று உணர்வதற்குக் கூரிய கண்ணும் பொறுமையும் வேண்டும். முன்னர் கூறியதை மாற்றிக்கொள்ளும் பணிவும் வேண்டும்.

நம் ஓடைகளிலும் வயல்களிலும் எத்தனை நண்டுகள், எத்தனை தும்பிகள், எத்தனை வண்ணத்துப் பூச்சிகள்! அவற்றையும் பப்ரீசியஸைப் போலக் குனிந்து உற்று நோக்கவும், கண்டதைத் தேதியும் இடமும் இட்டுக் குறித்து வைக்கவும் நாம் பழகுவோமாக. நம்மில் ஒருத்தியின் குறிப்பேடு, நமக்குப் பின் வரும் ஒருத்திக்கு உண்மையைச் சரிபார்க்கும் சாட்சியாக விளங்கட்டும்!